சலவை அறையில் 1990

ஆர்டிஸ் ஃபோஸ் வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு வருஷங்கள் நடந்துகொண்டிருந்தன. சமையலறையிலும் கூடத்திலும் 2018. படி இறங்கித் துணி துவைக்கும் அறைக்குள் போனால் 1990. அவளுடைய கணவர் வெர்லின் இதை ஊரில் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கேட்பவர்களிடம், "கீழ அவளுக்குக் கொஞ்சம் வேலை இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மினசோட்டாக்காரர்கள் அதற்கு மேல் கேட்கவும் மாட்டார்கள்.

அந்த அறையில், துவைக்கும் இயந்திரத்துக்கும் உலர்த்தும் இயந்திரத்துக்கும் நடுவில் பலகை போட்டு, ஒரு லேப்டாப் வைத்திருந்தாள். அதற்குள் எம்.வி.எஸ். ஓடியது. ஒரு காலத்தில் கல்யாண மண்டபம் அளவு இடத்தில் குளிர்காற்று வாங்கிக்கொண்டு நின்ற பெரிய கணினிகளை ஆண்ட இயங்குதளம் அது. இப்போது ஒரு லேப்டாப்புக்குள் அடைபட்டுக் கிடந்தாலும், தான் இன்னும் மண்டபத்தில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பு அதற்குப் போகவில்லை. "டேப்பை மாட்டு" என்று கேட்கும். டேப்பும் இல்லை, மாட்டும் பெட்டியும் இல்லை. ஆர்டிஸ் "மாட்டிவிட்டேன்" என்று தட்டுவாள். அதற்குத் திருப்தியாகிவிடும். வாழ்ந்து கெட்ட ஜமீன்தாரிடம் பழைய சமையல்காரி நடந்துகொள்வதைப் போலத்தான்.

1990 எப்படி வந்தது என்றால், அந்த இயங்குதளத்தை எழுதியவர்கள் 1999-க்கு மேல் ஒரு உலகம் உண்டு என்று நினைக்கவேயில்லை. அதனால் இதை ஓட்டும் பைத்தியங்கள் எல்லோரும் நாட்காட்டியை இருபத்தெட்டு வருஷம் பின்னால் தள்ளி வைத்துக்கொள்வார்கள். இருபத்தெட்டு வருஷத்துக்கு ஒரு முறை தேதியும் கிழமையும் அச்சாக ஒத்துப்போகும். ஞாயிறு ஞாயிறாகவே இருக்கும், வருஷம் மட்டும் வேறு. ஆர்டிஸ் மூன்று வருஷமாகத் தினம் நாலு மணி நேரம் அந்த இன்னொரு காலத்தில் குடியிருந்தாள். அதன் விளைவு பின்னால் வரும்.

இந்தப் பைத்தியம் அவளுக்குத் திடீரென்று பிடித்ததில்லை. இருபது வயதில், மாவட்டத் தலைநகரில் ஒரு பால் கூட்டுறவு அலுவலகத்தில் அட்டையில் துளை போடும் வேலைக்குச் சேர்ந்தாள். பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் முழுக்கத் துளை போடுவார்கள். கட்டிய அட்டைகளைக் கண்ணாடி அறையின் சுவரில் இருந்த ஒரு சின்னத் திறப்பு வழியாக உள்ளே நீட்ட வேண்டும். சாயங்காலம் அதே திறப்பு வழியாகத் தாள்கட்டு வெளியே வரும். உள்ளே டுவெய்ன் என்று ஒருவன், சூயிங்கம் மென்றுகொண்டு, இயந்திரம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தட்டிக்கொண்டிருப்பான். ஆர்டிஸ் ஒரு நாள் மேலாளரிடம் போய் அந்த வேலையைக் கேட்டாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பெட்டி பெட்டியா பேப்பர் தூக்கணும்மா. உனக்கு முதுகு பிடிச்சுக்கும்."

அன்று காலையில்தான் அவள் தன் அப்பாவின் கொட்டிலில் இரண்டு கன்றுக்குட்டிகளைத் தூக்கி வேறு பட்டியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அந்த "சரிங்க"வை நாற்பத்தாறு வருஷம் அவள் மன்னிக்கவில்லை. பிறகு முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள், பனியில் ஒரு தடவைகூடப் பள்ளத்தில் இறக்கியதில்லை. ஓய்வு பெற்ற வாரமே, அந்த இயங்குதளத்தை இப்போது யார் வேண்டுமானாலும் வீட்டில் இலவசமாக ஓட்டலாம் என்று எங்கோ படித்தாள். திறப்புக்கு அந்தப் பக்கம் போவதற்கு யாரிடமும் இனிக் கேட்க வேண்டியதில்லை.

கற்றுக்கொள்வது லேசாக இல்லை. பழைய கையேடுகள் ஒன்பது பெட்டி தபாலில் வந்தன. அந்த இயந்திரத்தோடு பேசும் மொழியில் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து, எந்தப் பெயரும் எட்டு எழுத்தைத் தாண்டக்கூடாது, ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் அரை நாள் வேலை குப்பைக்கு. வேலையைக் கட்டாகக் கட்டி உள்ளே அனுப்ப வேண்டும். அது தனக்குத் தோன்றும்போது செய்து, கடைசியில் ஒரு எண்ணைத் துப்பும். நான்கு பூஜ்யம் வந்தால் வேலை பழுதில்லாமல் முடிந்தது என்று பொருள். வேறு எது வந்தாலும் தலையெழுத்து. முதல் நான்கு பூஜ்யம் பார்க்க அவளுக்குப் பதினோரு வாரம் ஆனது. படியில் தடதடவென்று ஏறி வந்து, "வந்துருச்சு! நாலு சைபர்!" என்று கத்தினாள்.

வெர்லின் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கினார். "நாலு முட்டை வாங்கிட்டு இப்படிக் குதிக்கிற ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன்."

பழக்கம் மெல்ல மேலே சமையலறைக்கும் ஏறியது. உறைபெட்டியில் இருந்த சாப்பாட்டு டப்பாக்களில் எல்லாம் பெரிய எழுத்தில், எட்டெழுத்துக்குள் பெயர் ஒட்டினாள். வெர்லின் HOTDISH1 என்ற இறைச்சிக் கலவையை எடுத்துச் சூடாக்கி, அது நாய்க்கு வேகவைத்த ஈரல் என்று தெரிவதற்குள் பாதி சாப்பிட்டிருந்தார். யாருக்கு என்று எழுத எட்டெழுத்தில் இடமில்லை. அடுத்து, குளிர்பெட்டிக் கதவில் கேள்விகளை எண் போட்டு எழுத ஆரம்பித்தாள். இயந்திரம் அப்படித்தான் கேட்கும்: கேள்விக்கு ஒரு எண், பதிலும் அந்த எண்ணைச் சொல்லித்தான் வர வேண்டும், வரும் வரை அது அசையாது. "01: கூரைத் தண்ணீர்க் குழாயில் இலை அள்ளியாச்சா?" என்று இருக்கும். நாற்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் எதற்கும் "இருக்கலாம்" என்பதைத் தவிர வேறு பதில் சொல்லாத மனிதர், இப்போது "01-க்கு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. அந்த இயந்திரத்தின் மேல் அவருக்கு இருந்த ஒரே மனஸ்தாபம் அதுதான்.

ஹால்டன் ஊர் லூத்தரன் தேவாலயத்தில் ஆண்டுதோறும் அக்டோபரில் லூட்டஃபிஸ்க் விருந்து நடக்கும். கருவாட்டைச் சலவைக் காரத்தில் ஊறப்போட்டு, அலசி, களியாக வேகவைத்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றித் தின்பார்கள். அதைத் தின்ன முடியாதவர்களுக்கு மாட்டிறைச்சி உருண்டை. முந்நூற்று முப்பத்தாறு டிக்கெட், நான்கு பந்தி. யார் எந்தப் பந்தி, எந்த மேசை என்பதில் வருஷா வருஷம் அடிதடிக்கு ஒரு விரல் குறைவாகக் குழப்பம். விருந்துக் குழுத் தலைவி லோர்னா ஸ்டென்ருட், ஆர்டிஸோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். அந்த வருஷக் குழுக் கூட்டத்தில் அவள் தன் அக்கா மகன் செய்த கைப்பேசிச் செயலியில் எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்றாள். ஆர்டிஸ் எழுந்தாள்.

"என் மெஷின் பண்ணும். டிக்கெட் அடிக்கும், பந்தி பிரிக்கும், மேசை வாரியா பட்டியல் கொடுக்கும். கடைசியில நாலு சைபர் வந்தா ஒரு பிசகும் இல்லைன்னு அர்த்தம்."

"அது… வேற மாதிரி இருக்கு" என்றாள் லோர்னா. எங்கள் பக்கத்தில் இதைவிடக் கடுமையான வசவு கிடையாது.

கடைசியில் பாஸ்டர் தலையிட்டு, ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். லோர்னா ஒப்புக்கொண்டாள், நிபந்தனையோடு. பட்டியலில் இல்லாதவர் உள்ளே வரக்கூடாது. பென்சிலால் யார் பெயரையும் சேர்க்கக்கூடாது. பென்சில் தேவைப்பட்டால் மெஷின் எதற்கு? போன வருஷம் ஒருவன் முந்தின வருஷ டிக்கெட்டைக் காட்டி இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனானாம். அதனால் அன்றைய தேதி இல்லாத டிக்கெட்டை மெஷினே தள்ளிவிட வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் அடுத்த வருஷம் செயலிதான்.

"அப்ப நீ பழையபடி உருளைக்கிழங்கு உரிக்க வந்துடு ஆர்டிஸ். உன் கை வேகம் யாருக்கும் வராது" என்றாள், உண்மையான அன்போடு. அதுதான் ஆர்டிஸுக்குத் தாங்க முடியவில்லை. மறுபடியும் திறப்புக்கு இந்தப் பக்கம்.

ஆகஸ்டு முழுக்க உழைத்தாள். டிக்கெட்டுகளையும் சுவரொட்டிகளையும் ஓரத்தில் துளை வைத்த தாளில், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்து, ஒவ்வொன்றையும் பத்து முறை சரிபார்த்தாள். எழுத்துப்பிழை இல்லை. வெர்லினும் பார்த்தார். "கிழமை சரியா இருக்கு" என்றார். அக்டோபர் 20, சனிக்கிழமை. பெட்ரோல் நிலையத்திலும் தானியக் கிடங்கிலும் ஒட்டினார்கள். டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது.

விருந்தன்று, தேவாலய அடித்தளத்தில் கோட் மாட்டும் அறைக்குள் லேப்டாப்போடும் பிரிண்டரோடும் ஆர்டிஸ் உட்கார்ந்தாள். அந்த அறைக்குக் கூடத்தைப் பார்த்து ஒரு சின்ன மரத்திறப்பு உண்டு. இடம் தேர்ந்தெடுத்தது அவள்தான். முதல் பந்திப் பட்டியல் வெளியே போனது, எண்பத்து நாலு பேரும் தங்கள் தங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அடிதடி இல்லை. பாஸ்டர் திறப்பு வழியாகக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நெய்வாசமும் கருவாட்டு வாசமும் கலந்து உள்ளே வர, ஆர்டிஸ் இருபது வயதுக்காரி போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் பந்திக்கு முன்னால் ஐனார் மோன் வந்தார். எண்பத்து நாலு வயது, சர்க்கரை பீட் விவசாயி. பக்கத்தில் அவர் மனைவி போர்ஹில்ட், தலைமுடியைச் சுருட்டி, நல்ல கோட்டு போட்டிருந்தாள். ஐனார் வேதப் புத்தகத்தைத் திறந்து அதற்குள்ளிருந்து மஞ்சளடித்த இரண்டு டிக்கெட்டுகளை எடுத்து லோர்னாவிடம் நீட்டினார்.

"இது என்னங்க?" என்றாள் லோர்னா. "இது நம்ம டிக்கெட் இல்லையே. ரொம்பப் பழசால்ல இருக்கு."

"பழசுதான். அன்னைக்கு வர முடியல. பீட் அள்ளுற நேரம்."

"பீட்டு!" என்றாள் போர்ஹில்ட். "நான் கோட்டு போட்டுக்கிட்டு அடுப்படியில மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன் லோர்னா. ஒன்பதரைக்குச் சேறும் சகதியுமா வந்து நிக்குறான் மனுஷன். அன்னைக்கிலேர்ந்து நான் இந்த விருந்துக்கு வர்றதில்லைன்னு வச்சிருந்தேன். முதல்ல அந்த டிக்கெட்டுக்குப் பதில் சொல்லட்டும்னேன்."

"இருபத்தெட்டு வருஷமா சொல்றா" என்றார் ஐனார். "போன வாரம் பெட்ரோல் போடப் போனேன். நோட்டீஸைப் பார்த்தேன். சரி, வச்சிருந்தது வீண் போகலைன்னு வந்தோம்."

லோர்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவளுக்குப் புரிந்த ஒன்று போதுமாக இருந்தது: பழைய டிக்கெட். வயதானவர்களை வாசலில் நின்று போகச் சொல்லவும் மனம் வரவில்லை. அவள் திறப்புக்கு வந்து டிக்கெட்டுகளை உள்ளே நீட்டினாள்.

"ஆர்டிஸ், நான் சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க. உன் மெஷின்ல போடு. அதுவே முடியாதுன்னு சொல்லட்டும். அது என்ன சொல்லுதோ அதுதான்."

ஆர்டிஸ் டிக்கெட்டுகளை வாங்கி விளக்கடியில் பிடித்தாள். எண் 401, 402. அந்தக் காலத்தில் நிறைய ஆட்கள் வந்து சாப்பிட்டார்கள். சனிக்கிழமை, அக்டோபர் 20, 1990. பக்கத்தில் இந்த வருஷ டிக்கெட் ஒன்று மாதிரிக்காகச் சுவரில் குத்தியிருந்தது. அதைப் பார்த்தாள். சனிக்கிழமை, அக்டோபர் 20, 1990.

முந்நூற்று முப்பத்தாறு டிக்கெட், நாற்பது சுவரொட்டி, பத்து முறை சரிபார்ப்பு. எல்லாவற்றிலும் சலவை அறையின் வருஷத்தை அடித்து ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறாள். ஊரும் தேதியையும் கிழமையையும் மட்டும் பார்த்து டிக்கெட் வாங்கியிருக்கிறது. வருஷம் என்ன என்று யார் பார்க்கிறார்கள்? அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பார்த்தது ஒரே ஒருவர். அவர் அதைப் பிழையாக நினைக்கவில்லை, ஒத்திப்போட்ட விருந்து என்று நினைத்துவிட்டார்.

இப்போது அவள் செய்ய வேண்டியது சுலபம். "செல்லாதுன்னு சொல்லுது லோர்னா" என்றால் போதும். ஐனார் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிழை இன்றோடு குப்பைத்தொட்டிக்குப் போகும். அடுத்த வருஷமும் இந்த நாற்காலி அவளுடையது. திறப்பு வழியாகப் பார்த்தாள். போர்ஹில்ட் கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அடுப்படியிலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று ஆர்டிஸுக்குத் தோன்றியது. உள்ளே எடுத்துக்கொள்ளாமல் ஒருத்தியை வெளியே உட்கார வைப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"லோர்னா" என்றாள். "செல்லும். எல்லார் டிக்கெட்டுலயும் இதே வருஷம்தான் இருக்கு. நான்தான் தப்பா அடிச்சுட்டேன். என் மெஷினுக்கு இன்னைக்கு 1990."

வரிசையில் நின்றவர்கள் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவராகச் சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடியை ஏற்றினார்கள், இறக்கினார்கள். கடைசியில் வெர்லின்தான் வாயைத் திறந்தார்.

"கிழமை சரியாத்தானே இருக்கு?"

ஆர்டிஸ் இரண்டு பெயரையும் தட்டினாள். சோரன்சன் வீட்டில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி அனுப்பியிருந்ததால் இடம் இருந்தது. ஆனால் மீதிப் பட்டியலைப் புதிதாகப் போட வேண்டும். இயந்திரம் நின்று கேட்டது: இந்தப் பட்டியலை ஞாயிறு வரை அழிக்கக்கூடாது என்று நீதான் பூட்டினாய், அழித்து எழுதவா, விட்டுவிடவா? அழித்து எழுதும்போது ஒரு காற்புள்ளி பிசகினாலும் பழையதும் போய்விடும், புதியதும் வராது. இரண்டு பந்திக்கு மேல் ஆட்கள் பசியோடு நின்றுகொண்டிருந்தார்கள். கேள்வி திரையில் காத்திருந்தது. டுவெய்ன் இதற்குத்தான் சூயிங்கம் மென்றான் போலிருக்கிறது.

எழுது என்று தட்டினாள்.

லோர்னா திறப்பில் முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரிண்டர் ஒரு முறை செருமியது. பிறகு நாள்பட்ட கோபத்தைக் கொட்டுகிற மாமியார் மாதிரி விடாமல் கரகரத்தது. தாள் மடிந்து மடிந்து கீழே விழுந்தது. ஆறாவது மேசை, ஏழாவது நாற்காலி, மோன் ஐனார். எட்டாவது நாற்காலி, மோன் போர்ஹில்ட். கடைசி வரியில் நான்கு பூஜ்யங்கள். ஆர்டிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாளைக் கிழித்துத் திறப்பு வழியாக வெளியே நீட்டினாள்.

லோர்னா படித்தாள். "மெஷின் சொல்றதுதான்னு நான்தானே சொன்னேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பட்டியலோடு போய்விட்டாள்.

போர்ஹில்ட் ஆறாவது மேசையில் உட்கார்ந்து, துடைக்கும் துணியை விரித்து, லூட்டஃபிஸ்க்கில் ஒரு வாய் எடுத்து வைத்தாள். மேசை முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது. மெதுவாக விழுங்கினாள்.

"இதுக்கா நான் உன்னை இருபத்தெட்டு வருஷம் திட்டினேன்?"

"நான் எப்பவாவது நல்லா இருக்கும்னு சொன்னேனா?" என்றார் ஐனார். அவள் தன் கையை அவர் கை மேல் வைத்தாள், எல்லோர் முன்னாலும். எங்கள் ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை. பிறகு அவள் தட்டை அவரிடம் தள்ளிவிட்டு இறைச்சி உருண்டை கேட்டாள்.

நாலாவது பந்தி முடிந்து, மேசைகளை மடக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆர்டிஸ் பிரிண்டரின் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு உரிக்கும் கத்தி வீட்டில் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். தப்பு தப்புதான், நிபந்தனை நிபந்தனைதான். அப்போது திறப்பில் நிழல் விழுந்தது. லோர்னா.

"நீ சாப்பிடல."

"பரவாயில்ல. வீட்டுல ஏதாவது இருக்கும்."

"வீட்டுல இருக்கிறது நாய் ஈரல்னு வெர்லின் சொன்னாரு." லோர்னா ஒரு தட்டைத் திறப்பு வழியாக உள்ளே தள்ளினாள். "அடுத்த வருஷம் வருஷத்தை மட்டும் நான் ஒரு தடவை பாத்துடறேன். மத்தபடி மோசம்னு சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு, கூச்சப்பட்டவள் போல, நாற்காலி அடுக்கப் போய்விட்டாள். ஆர்டிஸ் தட்டைப் பார்த்தாள். கருவாடு இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, ரொட்டிகூட இல்லை. வெள்ளைத் தட்டின் நடுவில், அளவெடுத்து வைத்தது போல ஒரே வரிசையில், நான்கு இறைச்சி உருண்டைகள் இருந்தன.